கிடப்பில் போன அவுட்போர்டு மோட்டார்: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

செட்டிநாட்டில் படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டாருக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் தேவகோட்டையிலிருந்து தொண்டிச் சாலையில் ஒரு தடவை கிழக்கே போய்ப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரப் பயணத்தில் கடல் வந்துவிடும். தொண்டி, நம்புதாழை, சோளியக்குடி நாட்டுப்படகுகளின் மோட்டாரில் உடைந்த ஸ்டட்டை (மரைக் கம்பியை) எடுப்பது, சிலிண்டரைக் குடைந்து போர் போடுவது, லேத்தில் கடைவது என்று கரையிலேயே முடியாத வேலை வந்தால், லோடு ஆட்டோவில் ஏற்றி நம் பக்கம் கொண்டுவருவார்கள். இன்னொரு வகையும் உண்டு. பெரிய வீடுகளில் பாகப்பிரிவினை முடிந்து இரண்டாங்கட்டை ஒழிக்கும்போது, பித்தளை அண்டாவுக்குப் பின்னாலிருந்து சாக்கு சுற்றிய ஒரு மோட்டார் வெளியே வரும். யார் வாங்கியது, எந்தப் படகில் ஓடியது என்று வீட்டு ஆச்சிக்கே தெரியாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் போய் அது நிற்கும்.

இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான். இந்த மோட்டார்கள் ஓடிக் கெட்டதைவிடக் கிடந்து கெட்டதே அதிகம். அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் கொண்டுவந்தவரிடம் ஒரு கேள்வி: "கடைசியா நிறுத்தினப்ப நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சா?" ஆமாம் என்றால் போர், பிஸ்டன், கிராங்க் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். பெட்ரோல் வழி, தண்ணீர் வழி, ரப்பர் சாமான், பாயிண்ட் (பிளக்குக்குக் கரண்ட்டை விட்டு வெட்டும் தொடுமுனை), இந்த நாலில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றது என்றால் கதை வேறு.

இங்கே எழுதியிருப்பது கையால் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார்களுக்கு.

முதலில் ஒரு பேரல்

200 லிட்டர் பேரலின் மேல்மூடியை வெட்டி, விளிம்பில் ஒரு கனத்த பலகையை போல்ட் போட்டு நிறுத்துங்கள். மோட்டாரை அதில் மாட்டித் தண்ணீர் நிரப்ப வேண்டும். புரொப்பல்லருக்கு மேலே கிடைமட்டமாக ஒரு தட்டு நீட்டிக்கொண்டிருக்கும்; தண்ணீர் அதையும் தாண்டி நாலு விரல் நிற்கட்டும். தண்ணீர் இல்லாமல் "ரெண்டே செகண்டு" ஓட்டிப் பார்ப்பது கெட்ட பழக்கம். கீழே தண்ணீரை உறிஞ்சிக் கொடுக்கிற ரப்பர் இம்பெல்லருக்குத் தண்ணீர்தான் எண்ணெய். காய்ந்து சுற்றினால் உடனே இதழ் தேய ஆரம்பித்துவிடும். பேரலில் ஓட்டும்போது புரொப்பல்லரைக் கழற்றி வைத்துவிடுங்கள், தண்ணீரும் வெளியே கொட்டாது, கையும் பத்திரம். ஓட்டுவது வெட்டவெளியில் இருக்கட்டும். ஷெட்டுக்குள் ஓட்டினால் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு வாசனையே காட்டாமல் ஆளைச் சாய்க்கும்.

"பக்கத்துலதானே ஊருணி இருக்கு, இறக்கிப் பார்த்துடலாமே" என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். இந்த மோட்டார்களின் புகை தண்ணீருக்குள்தான் வெளியேறுகிறது, எரியாத எண்ணெயும் அதோடு சேர்ந்து போகும். குடிதண்ணீர் ஊருணியில் காலைக் கழுவினாலே சத்தம் போடுகிற ஊர் நம்முடையது. பேரல் தண்ணீரையும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். கிழக்கே போகப் போகச் சில போர் தண்ணீர் கரிக்கும். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரையே விடுவதில் பயனில்லை. மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் கடைசி அலசலுக்கு அதைவிட நல்லது கிடையாது.

கயிற்றை இழுத்தால் அசையவே இல்லை

பதறாமல் கியர் நியூட்ரலில் இருக்கிறதா பாருங்கள். பல மோட்டார்களில் கியரில் இருக்கும்போது கயிறு வராதபடி ஒரு பூட்டு உண்டு. நியூட்ரலிலும் வரவில்லை என்றால் மேலே கயிறு சுற்றியிருக்கும் ரீகாயில் கூட்டைக் கழற்றிவிட்டு, அதற்கு அடியில் கிராங்கின் தலையில் உட்கார்ந்திருக்கும் மேக்னெட் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சுற்றினால் ஜாம் ரீகாயிலில்தான். ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கும், அல்லது கயிறு சக்கரத்துக்குப் பக்கவாட்டில் சிக்கியிருக்கும். ரீகாயில் ஸ்பிரிங் முறுக்கேறிக் கிடக்கும் சாமான், கண்ணாடி போட்டுக்கொண்டு திறங்கள்.

மேக்னெட்டும் சுற்றவில்லை என்றால் பிளக்குகளைக் கழற்றுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றுகூட அடைத்திருக்கலாம். அதுவும் இல்லையா? கீழ்ப்பகுதியை, அதாவது கியர் பெட்டியை, போல்ட் கழற்றி இறக்கிப் பாருங்கள். இறக்கினதும் மேலே சுற்றினால் ஜாம் கீழே கியரில் இருக்கிறது. இந்த ஒரு சோதனை தேவையில்லாமல் என்ஜினைப் பிரிக்கிற வேலையை மிச்சப்படுத்தும்.

மேலேதான் ஜாம் என்று தெரிந்தால் அவசரப்படக்கூடாது. பிளக் ஓட்டை வழியாக டீசலும் பவர் ஸ்டியரிங்குக்கு ஊற்றுகிற ஏ.டி.எஃப். எண்ணெயும் பாதிப்பாதி கலந்து, பிஸ்டன் தலை மூழ்கும்படி விடுங்கள். ஒரு ராத்திரி ஊறட்டும், தேவைப்பட்டால் இன்னும் ஒரு ராத்திரி. அப்புறம் மேக்னெட் நட்டில் ஸ்பேனர் போட்டு வலப்பக்கமாக மட்டும், மெதுவாக அழுத்தம் கொடுங்கள். இடப்பக்கம் திருப்பினால் கீழே இம்பெல்லர் இதழ்கள் எதிர்த்திசையில் மடங்கும். பிஸ்டன் தலையில் மரக்கட்டை வைத்துத் தட்டுகிற வேலையெல்லாம் ஹெட்டைக் கழற்றின பிறகு, அதுவும் வேறு வழியே இல்லாதபோது.

கயிறு லேசாக வருகிறது, பிடிமானமே இல்லை

கம்பிரஷன் கேஜ் வாங்கிவிடுங்கள், பைக் மெக்கானிக் கடையில் இரவலும் கிடைக்கும். எல்லாப் பிளக்கையும் கழற்றி, பிளக் கேப்புகளை என்ஜின் உடம்போடு சேர்த்துக் கட்டி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து வைத்து, கேஜ் முள் ஏறி நிற்கும் வரை இழுங்கள். பெட்ரோல் மோட்டாரில் 90 முதல் 130 பி.எஸ்.ஐ. வரை வந்தால் பிழைத்துக்கொள்ளும். பெட்ரோலில் பிடித்து மண்ணெண்ணெயில் ஓடும் மண்ணெண்ணெய் மோட்டாரில் இதைவிடக் குறைவாகக் காட்டினால் பயப்படாதீர்கள். மண்ணெண்ணெய் சீக்கிரம் தட்டும் எரிபொருள் என்பதால் கம்பிரஷனையே குறைத்துத்தான் செய்திருப்பார்கள். ரெட்டைச் சிலிண்டர் என்றால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ரொம்ப முக்கியம். பத்தில் ஒரு பங்குக்கு மேல் விலகினால் ஒன்றில் ஏதோ இருக்கிறது.

குறைந்த சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் தேய்ந்தோ கார்பனில் ஒட்டியோ கிடக்கிறது. ஏறாவிட்டால் ஹெட் பேக்கிங் பக்கம் போங்கள். மண்ணெண்ணெயில் வெகுநாள் ஓடியதில் ரிங் ஒட்டுவது சகஜம். முன்னே சொன்ன ஊறல் அதற்கும் உதவும்.

இழுப்பு சரியாக இருக்கிறது, ஆனால் பிடிக்கவே மாட்டேன் என்கிறது

பாதிக்கு மேல் மோட்டார்கள் இந்த வரிசையில்தான் வந்து நிற்கும். இங்கேதான் எல்லாரும் நேரே கார்புரேட்டரைப் பிரிப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். சோக் போட்டுச் சில தடவை இழுத்துவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், மீதி வழியை அதுவே சொல்லிவிடும்.

பிளக் நனைந்து பெட்ரோல் வாசம் வருகிறது என்றால் எரிபொருள் வருகிறது, கரண்ட்டில் சந்தேகம். பிளக்கைத் துடைத்துக் கேப்பில் மாட்டி, அதன் உடம்பை என்ஜினில் நன்றாகப் படும்படி வைத்து இழுங்கள். பிளக் ஓட்டையிலிருந்து தள்ளியே வையுங்கள், அங்கிருந்து பெட்ரோல் ஆவி வரும். நீலமாகப் படக்கென்று பொறி வந்தால் கரண்ட் நன்றாக இருக்கிறது. மஞ்சளாக இளைத்து வந்தாலோ, வரவே இல்லையென்றாலோ, முதலில், ஆள் தவறி விழுந்தால் மோட்டாரை நிறுத்த மணிக்கட்டில் கட்டுகிற சிவப்புக் கயிற்றின் கிளிப் மாட்டியிருக்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள், பழைய மோட்டாரோடு அந்தக் கிளிப் வந்து சேருவதே அபூர்வம். அதுவும் மாட்டியிருந்தால் ஸ்டாப் சுவிட்சிலிருந்து வரும் ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி இழுங்கள். உப்பு ஏறிய சுவிட்ச் உள்ளுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு, கரண்ட் முழுவதையும் எர்த்துக்கு அனுப்பிவிடும். ஒயரைக் கழற்றினதும் பொறி வந்தால் மாற்ற வேண்டியது சுவிட்ச் மட்டும்தான். ஆனால் ஒயர் கழன்ற நிலையில் மோட்டார் பிடித்துவிட்டால் சுவிட்ச்சில் நிற்காது. சோக் போட்டு மூச்சை அடைத்து நிறுத்த வேண்டும்.

அப்போதும் பொறி இல்லை என்றால் மேக்னெட்டுக்கு அடியில் போகணும். பழைய மோட்டார் என்றால் அங்கே பாயிண்டும் கண்டன்சரும் இருக்கும். வருஷக்கணக்கில் கிடந்த பாயிண்டின் முகத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ ஒரு பொடி பூத்திருக்கும். அது போதும் கரண்ட்டைத் தடுக்க. மெல்லிய எமரித் தாளால் ஒரு இழுப்பு, பிறகு பெட்ரோலில் நனைத்த விசிட்டிங் கார்டை நடுவே விட்டு ஒரு இழுப்பு. இடைவெளியை ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) வைத்துச் சரிசெய்யுங்கள். ஜப்பான் மோட்டார்களில் பெரும்பாலும் 0.3 முதல் 0.4 மி.மீ.; பழைய அமெரிக்க ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் 0.5 மி.மீ.

மேக்னெட்டைக் கழற்றப் புல்லர் வேண்டும். நட்டை எடுத்துவிட்டு கிராங்கின் தலையில் சுத்தியலால் அடித்தே கழற்றுகிறவர்கள் உண்டு. மேக்னெட் கழன்று வரும், கூடவே கிராங்கின் மரையும் நசுங்கும். உள்ளே அரைநிலா வடிவத்தில் ஒரு சின்னச் சாவி இருக்கும். அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் லேசான படி விழுந்திருந்தால்கூட மேக்னெட் நகர்ந்து டைமிங் மாறியிருக்கிறது என்று அர்த்தம். பொறி நன்றாக வரும், பெட்ரோலும் வரும், மோட்டார் மட்டும் பிடிக்காது. அல்லது கயிற்றைக் கையிலிருந்து பிடுங்கும், கார்புரேட்டர் வழியாகத் துப்பும். இந்த மூன்றில் எதைப் பார்த்தாலும் சாவியை நினைத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது கிராங்கின் கூம்பை எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, நட்டை மோட்டார் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள்.

பாயிண்ட் இல்லாமல் எலக்ட்ரானிக் பெட்டியால் பொறி கொடுக்கும் சி.டி.ஐ. மோட்டார் என்றால் பிளக் கேப்பை அந்தரத்தில் தொங்கவிட்டு இழுக்காதீர்கள். கரண்ட் போக வழியில்லாமல் காயிலையோ பெட்டியையோ சுட்டுவிடும். எர்த் ஒயர்களின் முனைகளைத் தேய்த்து மாட்டிப் பார்த்த பிறகே பெட்டியைச் சந்தேகப்படுங்கள். விலை கூடின சாமான், சும்மா மாற்றக்கூடாது.

பிளக் விஷயத்திலும் ஒன்று. என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடக் கூட குளிர்ந்த பிளக், கடைசியில் "-10" என்றிருந்தால் இடைவெளி 1 மி.மீ. என்று பொருள். கடையில் "எல்லாம் ஒண்ணுதாண்ணே" என்று எதையாவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

சரி, பிளக் காய்ந்தே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் எரிபொருள் வரவில்லை. டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத் திறந்தீர்களா? டேங்கிலிருந்து வரும் குழாயில் உள்ள ரப்பர் உருண்டையை, அம்புக்குறி மேலே பார்த்திருக்கும்படி நிமிர்த்திப் பிடித்து அமுக்குங்கள். கல்லாக இறுகினால் கார்புரேட்டர் வரைக்கும் நிரம்பிவிட்டது. எவ்வளவு அமுக்கினாலும் தொளதொளவென்று இருந்தால் எங்கோ காற்று வாங்குகிறது, பெரும்பாலும் மோட்டாரில் மாட்டும் கனெக்டரின் ஓ ரிங்கில். குழாயைத் தூக்கி வாயால் உறிஞ்சிப் பார்ப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். மண்ணெண்ணெய் வயிற்றுக்குப் போவதைவிட நுரையீரலுக்குப் போவதுதான் ஆபத்து.

பழைய குழாய் என்றால் இன்னொரு விஷயம். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளாது. வெளியே பார்த்தால் குழாய் நன்றாகத்தான் இருக்கும். உள்தோல் உரிந்து நாக்கு மாதிரி மடங்கி, ஓட்டம் கூடும்போது மட்டும் வழியை மூடும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். நிறையத் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகத் தங்கிவிடும். நீங்கள் கலந்த டூ ஸ்ட்ரோக் எண்ணெய் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும், மோட்டார் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. அடியில் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் கால் மணி நேரம் வையுங்கள். நடுவில் கோடு தெரிந்தால் அந்தப் பெட்ரோலை மோட்டாருக்குக் காட்டவே வேண்டாம்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் கார்புரேட்டர். அடிக்கிண்ணத்தைக் கழற்றினால் கிடந்த மோட்டாரில் பெட்ரோல் இருக்காது. தேன் நிறத்தில் ஒரு பிசின் அடியில் காய்ந்திருக்கும், மூலையில் பச்சைப் பொடி, சில சமயம் தண்ணீர் முத்து. மிதவையைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள், உள்ளே தளும்பினால் அது ஓட்டை. மிதவையோடு ஏறி இறங்கிப் பெட்ரோலை மூடித் திறக்கும் நீடிலின் நுனியில் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பெட்ரோலை அளந்து விடும் துளைத் திருகுகளான ஜெட்டுகளைக் கழற்றிக் கார்புரேட்டர் கிளீனர் அடித்து, கம்பிரஸர் காற்று விட்டு, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி ஒற்றைக் கண்ணால் பாருங்கள். துளை சுத்தமான வட்டமாகத் தெரிய வேண்டும். வட்டத்தின் ஓரத்தில் ஒரு மயிரிழை நீட்டியிருந்தாலும் சுத்தம் ஆகவில்லை. மெதுவாக ஓடும்போது பெட்ரோல் கொடுக்கும் பைலட் ஜெட்டின் துளை அவ்வளவு சின்னது, அதனால் அடைப்பும் அங்கேதான் முதலில் வரும். ஒயரிலிருந்து பிரித்த ஒற்றைச் செப்பு இழை போதும். ஊசி, டிரில் பிட் எதுவும் வேண்டாம். துளை ஒரு தடவை பெரிதானால் அந்த ஜெட் போச்சு. பைலட் திருகைக் கழற்றும் முன் எத்தனை சுற்றில் இருந்தது என்று எழுதி வையுங்கள். எழுதாமல் விட்டால் மெதுவாக உட்கார வைத்து, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து அங்கிருந்து தொடங்கலாம்.

பிடிக்கிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது

நிற்கப்போகும் நேரத்தில் ஒருவர் ரப்பர் உருண்டையை அமுக்கிக்கொண்டே இருக்கட்டும். அமுக்கினால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்றால் கோளாறு மோட்டாரில் உள்ள பெட்ரோல் பம்ப்பில் அல்லது டேங்கிலிருந்து அதுவரை உள்ள வழியில். பம்ப்பைத் திறந்தால் உள்ளே மெல்லிய ஜவ்வு. கிராங்க் அறையின் காற்றழுத்தத் துடிப்பில் அது ஆடித்தான் பெட்ரோலை இழுக்கிறது. விறைத்திருந்தாலும், ஊசி முனையளவு கிழிந்திருந்தாலும் மாற்றுங்கள்.

அமுக்கினாலும் நிற்கிறது, ஆனால் சோக்கைப் பாதி இழுத்தால் ஓடுகிறது என்றால் பெட்ரோல் குறைவு, அல்லது காற்று கூடுதல். பைலட் ஜெட் இன்னும் சுத்தமாகவில்லை, இல்லையென்றால் கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே உள்ள பேக்கிங் வழியாகக் காற்று புகுகிறது. சோக்கில் ஓடுகிறதே என்று அப்படியே கடலுக்குக் கொண்டுபோகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெய் பெட்ரோலோடுதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைந்தது, பிஸ்டன் உரசிப் பிடித்துக்கொள்ளும்.

டேங்க் மூடிக் காற்றுத் திருகு மூடியிருந்தாலும் இதே அறிகுறிதான். அதை மறுபடியும் பாருங்கள்.

பெட்ரோலில் ஓடுகிறது, மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் திணறுகிறது

மண்ணெண்ணெய் குளிர்ந்த என்ஜினில் ஆவியாகாது. பெட்ரோலில் சில நிமிடம் ஓடி, தலை சூடேறிய பிறகே வால்வைத் திருப்ப வேண்டும். ரொம்ப நேரம் மெதுவாக ஓட்டினாலும் சூடு இறங்கி, வெள்ளைப் புகை கக்கி, பிளக் நனைந்து நின்றுவிடும். பெரும்பாலும் இது மோட்டாரின் குறை இல்லை, ஓட்டுகிற விதத்தின் குறை. கரைக்கு வரும் முன் பெட்ரோலுக்கு மாற்றி, கார்புரேட்டரில் மிச்சமுள்ள மண்ணெண்ணெய் தீரும்வரை ஓட்டி நிறுத்துங்கள். அப்படிச் செய்யாத மோட்டார்தான் மறுநாள் காலையில் தோள் கழன்று போகும் வரை இழுக்க வைக்கும்.

எண்ணெய்க் கலவை: பிற்கால மோட்டார்களில் 50:1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. பழையவற்றில் 25:1, லிட்டருக்கு 40 மில்லி. புதிதாகப் போர் போட்டு ரிங் மாற்றியதற்கும் கொஞ்ச நாள் 25:1தான். டி.சி.டபிள்யூ.-3 என்று போட்ட படகு மோட்டார் எண்ணெய் வாங்குங்கள், பைக் எண்ணெய் தண்ணீரில் குளிரும் இந்த என்ஜினுக்கு ஏற்றதல்ல.

சத்தம் ஏறுகிறது, வேகம் இல்லை

சத்தமே கரகரத்து, முழு ஆக்சிலேட்டரிலும் ஏறவில்லை என்றால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. ரப்பர் பிடி போட்ட இடுக்கியால் ஒவ்வொரு கேப்பாகத் தளர்த்தி எர்த்தில் பட வையுங்கள். எதைக் கழற்றினால் சத்தம் மாறவே இல்லையோ அதுதான் தூங்குகிறது.

என்ஜின் நன்றாக ஏறி, படகு மட்டும் நகராவிட்டால் புரொப்பல்லரைப் பாருங்கள். பழைய மோட்டாரில் ஒரு சின்ன பின் இருக்கும், கல்லில் பட்டால் அது உடைந்து கியரைக் காப்பாற்றும். சில புரொப்பல்லர்களில் பின்னுக்குப் பதிலாக நடுவில் ரப்பர் புஷ். புஷ் வழுக்குகிறதா என்று தெரிய, நடுக்குழாயிலிருந்து ரப்பர் வழியாக வெளி வளையம் வரை ஒரே நேர்கோடாக பெயிண்டால் இழுத்துவிட்டு ஒரு ஓட்டு ஓட்டுங்கள். கோடு முறிந்திருந்தால் புஷ் போய்விட்டது. பின் உடைந்த இடத்தில் ஆணியைச் செருகிக்கொண்டு போகிறவர்கள் அடுத்த கல்லில் கியரையே மாற்ற வேண்டியிருக்கும்.

பின்னால் தண்ணீர் வரவில்லை

ஓடும்போது பக்கத்துத் துளையில் தண்ணீர் பீச்ச வேண்டும். வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். அந்தத் துளையிலேயே உப்பும் மண்ணும் அடைத்திருக்கலாம், மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். அதற்கும் வரவில்லை என்றால் கீழ்ப்பகுதியை இறக்கி இம்பெல்லரைத் திறக்க வேண்டும்.

கிடந்த மோட்டாரில் இம்பெல்லரைப் பார்க்காமலே மாற்றுங்கள் என்பது என் கட்சி. இதழ்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே விறைத்திருக்கும். ஏதாவது இதழ் உடைந்திருந்தால் துண்டு எங்கே போனது என்று தேடியே ஆக வேண்டும்; மேலே போகும் செப்புக் குழாயில் அது உட்கார்ந்திருந்தால் புது இம்பெல்லர் போட்டும் தண்ணீர் வராது. புதியதை சோப்புத் தண்ணீர் தடவி, தண்டை வலப்பக்கம் சுற்றிக்கொண்டே அமுக்கினால் இதழ்கள் சரியான பக்கம் மடங்கும். கிரீஸ் தடவாதீர்கள், ரப்பரைத் தின்னும்.

இம்பெல்லர் புதிது, இருந்தும் தலை கை வைக்க முடியாமல் கொதிக்கிறது என்றால், சூடேறினதும் திறந்து தண்ணீரை விடும் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். வெந்நீரில் போட்டால் பெரும்பாலும் 50, 60 டிகிரி வாக்கில் திறக்க வேண்டும். உள்ளே உப்புக் கட்டியிருந்தால் பேரலில் வினிகர் கலந்து கொஞ்ச நேரம் ஓட்டி, ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

கியர் எண்ணெய் வெள்ளையாக இருக்கிறது

டிகாஷனில் பால் விட்ட நிறத்தில் எண்ணெய் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. புரொப்பல்லரைக் கழற்றி, தண்டு பெட்டிக்குள் நுழையும் இடத்தை விளக்கு அடித்துப் பாருங்கள். மீன்பிடித் தங்கூஸ் நரம்பு சுற்றி, உருகி, வெள்ளைப் பிளாஸ்டிக் வளையமாக சீலுக்குள் இறங்கியிருக்கும். கத்தி முனையால் அறுத்து அறுத்து எடுத்தால் ஒரு கைப்பிடி வரும். சீலை மாற்றி, படகு மோட்டார் கியர் எண்ணெயைக் கீழ்த்துளை வழியாக, மேல்துளையில் வழியும்வரை ஏற்றுங்கள். மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்று தங்கிப் பாதிதான் நிரம்பும். மேல் திருகை முதலில் மூடிவிட்டு, கீழ்த் திருகை அப்புறம். இரண்டு வாஷரும் புதிது.

கடலில் விழுந்த மோட்டார்

தண்ணீருக்குள் கிடக்கும்வரை பெரிய கேடு இல்லை. வெளியே எடுத்து உப்போடு காற்றுப் பட்டதும்தான் துரு பாயும். எடுத்த கையோடு வேலை பார்க்க முடியாதென்றால், நல்ல தண்ணீர் பேரலில் முழுக்க முக்கியே தொண்டியிலிருந்து கொண்டுவாருங்கள். "காய வச்சு எடுத்துட்டு வந்தேண்ணே" என்பவரிடம் அரை மோட்டார்தான் மிச்சம் இருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்ததென்றால் கயிற்றை ஓங்கி இழுக்காதீர்கள். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். பிளக்கைக் கழற்றி மெதுவாகச் சுற்றுங்கள், ஓரிடத்தில் உரசினால் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். உரசல் இல்லையென்றால் நல்ல தண்ணீரில் அலசி, தலைகீழாகப் பிடித்து வடித்து, எண்ணெய் விட்டுச் சுற்றி, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து அன்றைக்கே ஓட்டிவிடுங்கள்.

எதை விட்டுவிடுவது

கியர் பெட்டியின் அலுமினியம் உப்பில் பொடிந்து விரல் நுழைகிறது, கிராங்க் பேரிங் புள்ளி புள்ளியாகக் குழிந்திருக்கிறது, பிளாக்கில் விரிசல் இருக்கிறது. இந்த மூன்றில் இரண்டு சேர்ந்து வந்தால் செலவு மோட்டாரின் விலையைத் தாண்டும். உதிரியும் கணக்கில் சேரும். எவின்ரூட் 2020ல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள், அதனால் கிடைக்கிற உதிரியெல்லாம் முன்பு செய்து வைத்ததும் வேறு ஆட்கள் செய்வதும்தான். பழம்பொருள் கடையில் பிரிட்டிஷ் சீகல் என்கிற பழைய இங்கிலாந்து மோட்டார் கண்ணில் பட்டால் அது வேறு ஜாதி: மேக்னெட்டில் கயிற்றைச் சுற்றி இழுக்க வேண்டும், முந்தைய மாடலுக்கு எண்ணெய் 10:1, பலவற்றில் நியூட்ரலே கிடையாது, பிடித்த நொடியில் புரொப்பல்லர் சுற்றும். பேரல் பலகையில் கிளாம்ப்பை இறுக்கிவிட்டு இழுங்கள்.

ஓடாது என்று முடிவான மோட்டாரையும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். ஒரே மாடல் இன்னொன்று வரும்போது கார்புரேட்டர், காயில், ரீகாயில் கூடு மூன்றும் கை கொடுக்கும். போல்ட்டுகளைக் கழற்ற முடிகிறபோதே கழற்றி, மரையில் கிரீஸ் தடவித் திரும்பப் போட்டு வையுங்கள். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் உப்போடு இருந்தால் அடுத்த வருஷம் கேஸ் வெல்டிங் சூடு காட்டாமல் அது அசையாது.